நூற்று இருபதில் வழி தப்பியவர்

திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம். தெரு முழுக்க வேன்கள். சிதம்பரநாதன் தன் மொபெட்டைப் பூசைச் சாமான் கடை ஒன்றின் ஓரமாக நிறுத்திவிட்டு, என்ன வாங்க வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அவரிடம் வந்தது.

“ஏனுங்க, நளதீர்த்தத்துக்கு எப்படிப் போறதுங்க?”

அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை எந்தப் பக்கமும் திரும்பாமல் அப்படியே நின்றது. வழி தனக்குத் தெரியும் என்பது தெரிந்தது, வழிதான் வரவில்லை. கோபுரம் இருந்தது, கடைகள் இருந்தன, தெரு இருந்தது. அதற்கும் குளத்துக்கும் நடுவில் இருந்ததை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

“பெரியவரும் வெளியூராட்ட இருக்குது,” என்றாள் அந்தக் குடும்பத்துப் பெண். அவர்கள் நகர்ந்துபோனார்கள்.

வெளியூர்! அவர் பிறந்தது பக்கத்துச் சுரக்குடியில். அந்தக் குளத்தில் நீச்சல் பழகியவர். கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து, போன மாடு தானாகத் திரும்பி வருவதுபோலக் குளம் இருக்கும் திசை வந்து சேர்ந்தது. மோட்டாருக்கு ஃபியூஸ் கம்பி வாங்க வந்தோம் என்பதும் வந்தது. கூடவே முந்தின நாள் ஞாபகமும் வந்தது. காரைக்காலில் டாக்டர் மரியான் அவருடைய பிரஷரைப் பார்த்துவிட்டு, “நூத்திப் பதினெட்டு! த்ரே பியேன்!” என்று கை தட்டினார். பிரெஞ்சில் அதற்கு ‘ரொம்ப நல்லது’ என்று அர்த்தமாம்.

ரொம்ப நல்லது என்றால் ஏன் இப்படி? அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சிதம்பரநாதன் பொதுப்பணித்துறையில் முப்பத்துமூன்று வருஷம் லஸ்கராக இருந்தவர். ஆற்றிலும் வாய்க்காலிலும் ஷட்டரை ஏற்றி இறக்கி ஊர் ஊராகத் தண்ணீர் பிரித்து விடுகிற உத்தியோகம். காரைக்கால் காவிரிக்குக் கடைமடை. மேலே இருப்பவர்கள் எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் இங்கே வரும். அந்த மிச்சத்தைப் பிரிப்பவனுக்கு நண்பன் எவனும் இருக்க மாட்டான். இந்த ஊருக்கு அரை அடி கூடத் திறந்தால் அடுத்த ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். ஒரு சம்பாப் பருவத்தில் அவரை ஷட்டர் மேலேயே முழுப் பகலும் இறங்க விடாமல் நிறுத்திவைத்ததும் உண்டு. அவர் கோபப்பட்டதில்லை. அளவுகோலைக் காட்டி, “இங்க பாருங்க, ரெண்டே கால் அடி. இதுல யாரு யார ஏமாத்துறது?” என்பார். எண் ஒன்றைக் காட்டினால் சண்டை அடங்கும் என்பது அவர் வாழ்க்கையில் கற்ற பாடம்.

மனைவி திரிபுரசுந்தரி பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் கதிரவன் சென்னையில். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து வரப்பைச் சுற்றி வந்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். மஞ்சள் காமாலைக்கு ஒரு தடவை லீவு போட்டதைத் தவிர ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சுரக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. திரிபுரசுந்தரி தன் சர்க்கரையைப் பார்க்கப் போனபோது, துணைக்குப் போனவரையும் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள் நர்ஸ் ஜன்னத்துல் பிர்தௌஸ். ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். மெஷினை மாற்றினாள். அடுத்த கையில் பார்த்தாள்.

“ஐயா, தலை வலிக்குதா?”

“இல்லியே.”

“கண்ணு மங்குதா? மூச்சு வாங்குதா?”

“அந்தா, வயல்ல நிக்கிற கொக்கு தெரியுது. காலைல நடந்துதான் வந்தேன். ஏம்மா?”

“இருநூத்தி நாலு இருக்குங்கய்யா. கீழ நூத்திப் பதினாறு. நீங்க இப்ப இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்கக் கூடாது.”

ஆனால் அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தார். தொடக்கமே அப்படி.

ஜன்னத்துல் அவரைத் தான் வேலை பார்த்த டாக்டர் மரியானின் ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினாள். அது காரைக்கால் கடற்கரைச் சாலையில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. மரியானின் அப்பா ஆல்போன்ஸ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மகள் காரைக்காலில் பள்ளிப் படிப்பை முடித்து, பிரான்சில் சிறுநீரகம் பற்றிப் படித்து, அங்கேயே பதினெட்டு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தையும் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் என்ன செய்கிறது என்பதுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு வயதிருக்கும். வேகமாகப் பேசுவார்; எதிரே இருப்பவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் அதையே இன்னும் வேகமாகச் சொல்லுவார்.

“ஐயா, ரொம்ப வருஷமா பிரஷர் இருந்தும் மாத்திரையே சாப்பிடாதவங்க நூத்தி அறுபது பேர சேத்திருக்கோம். பாதிப் பேருக்குப் பிரஷர நூத்தி நாப்பதுக்குக் கொண்டு வருவோம். பாதிப் பேருக்கு நூத்தி இருபதுக்கு. யாரு எதுலன்னு கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். ஒன்றரை வருஷம் கிட்னியையும் தலையையும் பாத்துக்கிட்டே வருவோம்.”

“எது நல்லதுங்க, நூத்தி நாப்பதா, நூத்தி இருபதா?”

“அதத்தான் கண்டுபிடிக்கப் போறோம்.”

“அப்ப உங்களுக்கே தெரியாதா?”

“நூத்தி இருபதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா நினைக்கிறது வேற, தெரியறது வேற.”

அந்த நேர்மை சிதம்பரநாதனுக்குப் பிடித்துப்போயிற்று. ஏழு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டார். சீட்டில் அவருக்கு நூற்று இருபது விழுந்தது.

அடுத்த நாளே ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை அதில் பிடித்து வரச் சொன்னார்கள். அதைத் துண்டால் மூடி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு அவர் காரைக்காலுக்குப் போனபோது, அல்லா பிச்சையின் டீக்கடை வாசலில் நின்றவர்கள், “என்னங்க லஸ்கர், காலையிலயே கள்ளா? எங்களுக்கு இல்லையா?” என்று கேட்டார்கள். “ஆளுக்கு ஒரு கிளாஸ் தரவா?” என்றார் அவர். அந்த மாதிரி ஆள்தான் அப்போது.

பிறகு தலையைப் பார்த்தார்கள். படுக்கவைத்து, இரண்டு நெற்றிப்பொட்டிலும் குளிர்ந்த களிம்பைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை அழுத்தினாள் ஜன்னத்துல். அறையில் ஒரு சத்தம் கேட்டது. உஷ்ஷ்... உஷ்ஷ்... உஷ்ஷ்.

“என்னம்மா அது?”

“உங்க மூளைக்குப் போற ரத்தம்யா. ஓடுற சத்தம்.”

சிதம்பரநாதன் அசையாமல் கேட்டார். பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் தண்ணீர் பீறிடுகிற சத்தம் அச்சாக அப்படித்தான் இருக்கும். அறுபத்துமூன்று வருஷமாகத் தன் மண்டைக்குள் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாளும் தனக்குக் கேட்டதில்லையே என்று அவருக்கு வியப்பாகவும், சற்றுப் பயமாகவும் இருந்தது.

மாத்திரை தொடங்கியது. வெள்ளையில் ஒன்று, ரோஸில் ஒன்று, அப்புறம் நீர் பிரிய ஒன்று. மாதாமாதம் போவார். நூற்று எண்பது, நூற்று ஐம்பத்தாறு, நூற்று முப்பது என்று இறங்கியது. மையத்தில் கொண்டாட்டம். உடம்பில் மட்டும் ஏதோ கழன்றது. வரப்பில் குனிந்து நிமிர்ந்தால் வயல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பக்கத்து நிலத்து திருஞானசம்பந்தத்தை, அவன் பெயர் வராமல், “ஏய்யா” என்று கூப்பிட்டார். மத்தியானம் சாப்பிட்டோமா இல்லையா என்று திரிபுரசுந்தரியிடம் கேட்டார்.

“சாப்பிட்டு ஏப்பம் விட்டாச்சு. விளையாடுறீங்களா?”

அவர் விளையாடவில்லை.

இதற்கிடையே ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து ஜன்னத்துல், “கிட்னில உப்பு கொஞ்சம் கூடியிருக்கு, ஒன்னரை இருந்தது ஒன்னு புள்ளி ஒம்பது ஆயிருக்கு,” என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதானே என்று அவர் உப்பையே நிறுத்திவிட்டார். சோற்றில் உப்பில்லை, குழம்பில் உப்பில்லை, மோரில் உப்பில்லை. சித்திரை வெயிலில் களத்தில் நின்றுவிட்டு உப்பில்லாத கஞ்சியைக் குடித்தார். அடுத்த மாதம் பார்த்தால் உப்பு இரண்டு.

“நான்தான் உப்பே தொடறதில்லையே!” என்று டாக்டரிடம் குமுறினார்.

மரியானுக்கு அவர் சொல்வதன் கோளாறு பிடிபடவில்லை. கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். “பரவால்லங்க ஐயா. இந்த மாத்திரை போட்டா மொதல்ல கொஞ்சம் கூடும். அது நல்லதுக்குத்தான். கிட்னிக்குள்ள அழுத்தம் கொறையுதுன்னு அர்த்தம்.”

“கூடுனா கெடுதல்னு சொன்னீங்களே?”

“ரொம்பக் கூடுனா கெடுதல்.”

“ரொம்பன்னா எவ்வளவு?”

“அதப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்.”

இந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. திருநள்ளாற்றிலிருந்து வீடு திரும்பிய சிதம்பரநாதன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வழி தெரியாமல் நின்றேன் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் காலை மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். இருநூற்று நாலில் கொக்கு தெரிந்தது. நூற்றுப் பதினெட்டில் குளம் தெரியவில்லை. இதில் எது நோய்? மூன்றையும் வாய்க்காலில் போட்டார்.

மையத்தில் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். எனவே நாள் தவறாமல் போட்டார்.

பத்தே நாளில் பழைய ஆளாகிவிட்டார். திருஞானசம்பந்தத்தின் பெயர் வந்தது. அவனுடைய தாத்தா பெயரும் வந்தது. உப்புப் போட்ட மோர் குடித்தார். அடுத்த முறை மையத்துக்குப் போனபோது பிரஷர் நூற்று எண்பத்திரண்டு இருந்தது. மரியானின் முகம் சுருங்கியது.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?”

“எண்ணிப் பாருங்களேன்.”

எண்ணினார்கள். சரியாக இருந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். சிதம்பரநாதன் கூட்டியதையும் வாய்க்காலில் போட்டார். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு ஆயிற்று. ஆனால் சிறுநீரக எண் இரண்டிலிருந்து ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. பொட்டில் பேனாவை வைத்தால் உஷ்ஷ் உஷ்ஷ் என்று ரத்தம் ஜோராக ஓடியது. மரியான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

“ஐயா, எனக்கு ஒண்ணுமே புரியல. மூணு மாத்திரைக்கும் கட்டுப்படாம பிரஷர் ஏறுது. ஆனா அதே மாத்திரையில கிட்னி தேறுது, தலை தேறுது. இப்படி நான் பாத்ததே இல்ல. உங்க உடம்பு எனக்குப் புதுசா ஏதோ சொல்லுது.”

சிதம்பரநாதன் தரையைப் பார்த்தார்.

“என்னோட பழைய புரொபசருக்கு உங்க கிராஃப அனுப்பிருக்கேன். உங்க பேரு போடல, பயப்படாதீங்க. அவரும் குழம்பிப்போயிட்டாரு.”

வெளியே வந்து மொபெட்டை உதைத்தார். அளவுகோலைக் காட்டி ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்த மனுஷன் அவர். அந்த அளவுகோலையே திருகிக் கொடுத்திருக்கிறார். கடல் தாண்டி ஒருவர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார். சொல்லிவிடலாமா? சொன்னால் மறுபடியும் மாத்திரை. மறுபடியும் வெளியூர்க்காரனாக நிற்க வேண்டும். சொல்லாவிட்டால்? அந்த அம்மா பொய்யின் மேல் சுவர் எழுப்பிக்கொண்டே போவார். மூன்று வாரம் இதிலேயே உழன்றார். சொல்லிவிடுவோம் என்று காலையில் நினைப்பார். சாயங்காலத்துக்குள் அடுத்த மாதம் சொல்லுவோம் என்றாகிவிடும்.

முடிவை அவர் எடுக்கவில்லை. கை எடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை காப்பி டம்ளரைப் பிடித்திருந்தார். டம்ளர் விழுந்தது. எடுக்கக் குனிந்தார், வலது கை வரவில்லை. தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கியது. “சுந்தரி” என்று கூப்பிட்டதாக நினைத்தார். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம். திரிபுரசுந்தரி ஓடி வந்து அவர் முகத்தைப் பார்த்து அலறினாள். திருஞானசம்பந்தம் காரை எடுத்துக்கொண்டு வந்தான். கார் காரைக்காலை எட்டுவதற்குள், எப்படிப் போயிற்றோ அப்படியே, கை திரும்பி வந்தது. பேச்சும் வந்தது. வந்த பேச்சில் முதலில் வெளிவந்தது இதுதான்:

“சுந்தரி, நான் மாத்திரை சாப்பிடல. நாலு மாசமா.”

அவள் நம்பாமல் பார்த்தாள். “நெதமும் என் கண்ணு முன்னாடிதான தண்ணி குடிச்சீங்க?”

“தண்ணி மட்டும்தான் குடிச்சேன்.”

“ஏங்க?”

திருநள்ளாற்றுக் கதையை அவர் சொன்னார். அவள் முதலில் அழுதாள். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். “நாப்பது புள்ளைங்களுக்கு மருந்து ஊத்துனவ நான். எத்தன புள்ள வாயில அடக்கிவச்சுத் துப்பும், எனக்குத் தெரியாதா! கட்டுன புருஷன் துப்புறது தெரியலியே எனக்கு!”

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். செய்தி கேட்டு வந்த மரியான் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து அவருக்குக் காட்டினார். புதிதாக எதுவும் அடைபடவில்லை, தப்பித்துவிட்டார். ஆனால் உள்ளே மூன்று சின்னப் புள்ளிகள் இருந்தன.

“இது பழைய வடுங்கய்யா. மூணு தடவ உங்களுக்குச் சின்னச் சின்ன அடைப்பு வந்து போயிருக்கு. அஞ்சு வருஷம், பத்து வருஷம் முன்னாடியே இருக்கலாம்.”

“எனக்கா? நான் நல்லாத்தானங்க இருந்தேன்?”

“நல்லா இருக்குற மாதிரி இருந்திருக்கு.”

அந்த மூன்று புள்ளிகளை அவரால் தாங்க முடியவில்லை. கை விழுந்ததைவிட அது பெரிய அடியாக இருந்தது. இத்தனை நாளும் ஒரு கணக்கில் தெளிவாக இருந்தார்: மாத்திரைக்கு முன் நன்றாக இருந்தேன், மாத்திரைக்குப் பின் கெட்டேன். இப்போது அதுவும் போயிற்று. நன்றாக இருந்த காலத்திலேயே கெட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியென்றால் தன் உடம்பு தன்னிடம் சொன்னதை எப்படி நம்புவது? மெஷின் சொன்னதை நம்பினால் குளம் காணாமல் போகிறது. உடம்பு சொன்னதை நம்பினால் கை காணாமல் போகிறது.

மாத்திரை விஷயத்தை மரியானிடம் அவரே சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மரியான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்தபோது கோபம் இருந்தது, ஆனால் அது யார்மேல் என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது.

“நாலு மாசம் ஐயா. நாலு மாசமா நான் ஒரு புதிருக்காக மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டிருந்தேன்.”

“தப்புதாங்க. மன்னிச்சிருங்க.”

“வழி தெரியாம நின்னத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லலாம்னுதாங்க நெனச்சேன். ஆனா அதுக்கு முந்தின நாள்தான் நீங்க கை தட்டுனீங்க.”

மரியான் உட்கார்ந்துவிட்டார். “ஆமா. தட்டுனேன்,” என்றார்.

ஒரு வாரம் கழித்து மையத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார்கள். இந்த முறை டாக்டர் அவசரப்படவில்லை. படுத்திருக்கும்போது, உட்காரும்போது, நிற்கும்போது என்று தனித்தனியாக அந்த உஷ்ஷ் சத்தத்தைக் கேட்டார்கள். நாள் நாளாக மாத்திரையைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். நூற்று ஐம்பதில் எழுந்து நின்றாலும் சத்தம் மாறவில்லை. நூற்று நாற்பதில் சற்றே தணிந்து மறுபடி நிமிர்ந்தது. நூற்று இருபத்தைந்தில் எழுந்து நின்றபோது சத்தம் மெலிந்து இழுபட்டது; அதே நொடியில் அவருக்குக் கண் இருட்டியது. ஜன்னத்துல் தாங்கிப் பிடித்தாள்.

“அதுதான்யா அன்னைக்குத் திருநள்ளாறுல நடந்தது,” என்றாள்.

சிதம்பரநாதனுக்குப் பிடிகிடைத்த மாதிரி இருந்தது. “டாக்டரம்மா, மேட்டு வயலுக்குத் தண்ணி ஏறணும்னா வாய்க்கால்ல மட்டம் வேணும். மட்டத்தக் கொறச்சா பள்ளத்துல பாயும், மேட்டுல ஏறாது. தலை மேடு. அதானே?”

“பாதி சரிங்கய்யா,” என்றார் மரியான். “ஆனா வாய்க்கால் தானா சுருங்காது, விரியாது. ரத்தக் குழாய் செய்யும். பிரஷர் எறங்குனா அது விரிஞ்சு குடுக்கும், ஏறுனா சுருங்கிக்கும். மூளைக்குப் போற ஓட்டம் ஒரே அளவா இருக்கணும்னு பாத்துக்கும். உங்க குழாய் பல வருஷமா இருநூறுலயே பழகி, சுவர் தடிச்சுப்போச்சு. எறங்குனப்ப விரிய முடியல.”

“அப்ப இருநூறே இருந்துட்டுப் போகட்டுமே?”

“இருந்தா குழாய் அடைக்கும், இல்ல வெடிக்கும். கை விழுந்துச்சே!”

“கிட்னி?”

“அதுலயும் இதே சங்கதி. அதோட நீங்க வெயில்ல உப்பே இல்லாம கெடந்ததும், நீர் மாத்திரையும் சேந்து உடம்ப வறட்டியிருக்கு. ரத்தத்துல ‘உப்பு’ங்கறது கிட்னி வடிகட்டாம விட்ட கழிவுங்கய்யா. நீங்க சோத்துல போடற உப்பு இல்ல. அத நாங்க அப்பவே சொல்லிருக்கணும்.”

திரிபுரசுந்தரி தலையில் கைவைத்துக்கொண்டாள். “ரெண்டுக்கும் ஒரே பேர வச்சா மனுஷன் என்னங்க பண்ணுவாரு?”

“பிரஷரால கிட்னி கெட்டுதா, கிட்னியால பிரஷர் வந்துதா?” சிதம்பரநாதன் விடவில்லை.

“ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுக்கும். உங்க விஷயத்துல எது மொதல்லன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது.”

“அப்ப அந்த நூத்திப் பதினெட்டுல வழி தெரியாமப் போனதுக்கு மாத்திரை காரணமா, உப்பு காரணமா, அந்த மூணு வடு காரணமா?”

மரியான் “மூணும் இருக்கலாம்,” என்றார்.

நூற்று நாற்பதில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஆறு மாதம் பழகிய பிறகு இன்னும் ஐந்து குறைக்கலாமா என்று பார்க்கலாம். சிதம்பரநாதன் இந்த முறை மாத்திரையைத் திரிபுரசுந்தரி முன்னால் போட்டு, நாக்கை நீட்டிக் காட்டினார். பால்வாடி முறை.

ஆராய்ச்சி முடிந்ததும் அதில் இருந்த எல்லாரையும் ஒரு திருமண மண்டபத்துக்குக் கூப்பிட்டு மரியான் முடிவைச் சொன்னார். டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அன்று அவர் மெதுவாகப் பேசினார்.

“நூத்தி இருபது குரூப்புல பக்கவாதம் வந்தவங்க கொஞ்சம் கம்மி. ஆனா தலை சுத்தி விழுந்தவங்க கூடுதல். கிட்னி எண் மோசமானவங்களும் கூடுதல். அது உண்மையான பாதிப்பா, மாத்திரையோட வேலையான்னு இன்னும் ரெண்டு மூணு வருஷம் பாத்தாதான் சொல்ல முடியும். தலைக்குப் போற ரத்தம் பலருக்குக் கொறையல, சிலருக்குக் கொறஞ்சுது. யாருக்குக் கொறையும்னு முன்கூட்டியே எப்படிச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல.”

சிதம்பரநாதன் எழுந்துவிட்டார். “தெரியலன்னு சொல்றதுக்கா டாக்டரம்மா எங்ககிட்ட இவ்வளவு ரத்தம் எடுத்தீங்க?”

மண்டபமே சிரித்தது. மரியானும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். “ஆமாங்கய்யா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட யாராவது கேட்டிருந்தா, எல்லாருக்கும் நூத்தி இருபதுதான்னு அடிச்சுச் சொல்லிருப்பேன். உங்ககிட்ட ‘நினைக்கிறேன்’னு சொன்னதுகூட ஒரு பேச்சுக்குத்தான்.”

கூட்டம் கலைந்த பிறகு ஜன்னத்துல் இன்னொன்று சொன்னாள். அவர் மாத்திரை சாப்பிடாத நான்கு மாதத்தையும் டாக்டர் கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் முடிவுக் கணக்கில் அவர் நூற்று இருபது குரூப்பில்தான் இருப்பார்.

“நான்தான் நூத்தி நாப்பதுக்கு வந்துட்டேனே? நடுவுல மாத்திரையே சாப்பிடலியே?”

“சீட்டுல எந்தக் குரூப்பு விழுந்துச்சோ, கடைசி வரைக்கும் அதுலதான் எண்ணணும்யா. அதுதான் ஆராய்ச்சி முறை.”

“சாப்பிடாதவன எப்படிம்மா சாப்பிட்டவங்க கணக்குல எண்ணுறது?”

அவள் விளக்கினாள். ஊரில் மாத்திரை எழுதிக் கொடுத்தால் எல்லாரும் சாப்பிடுவதில்லை. ஒளிப்பவர்கள், மறப்பவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். மொபெட்டில் பாதி வழி போனதும் புரியவில்லை என்று புரிந்தது.

இப்போது வீட்டிலேயே ஒரு மெஷின் இருக்கிறது. தினமும் காலை வரப்பிலிருந்து திரும்பியதும் திரிபுரசுந்தரி அவரை உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றுவாள். உட்கார்ந்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை. போன வாரம் ஒரு நாள் எண்ணை எழுதிவிட்டு அவள் நோட்டை மூடினாள்.

“எவ்வளவு?”

“நூத்தி நாப்பத்திரண்டு.”

“நல்லதா, கெட்டதா?”

அவள் யோசித்தாள். “இப்ப கேட்டா டாக்டரம்மா நல்லதும்பாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடின்னா கெட்டதும்பாங்க.”

“நீ என்ன சொல்ற?”

“இட்லி ஆறுது, வாங்க,” என்றாள் அவள்.